வீட்டு ஆம்ப்பில் ‘ம்ம்ம்’, ‘கர்ர்’, ‘ஸ்ஸ்’: இரைச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். பாட்டுக் கேட்கிற ஆம்ப் கட்டுவதும், கெட்டுப்போன பழைய செட்டுகளைச் சரிபண்ணிக் கொடுப்பதும் எனக்குத் தொழில் இல்லை, இருபது வருடமாக விடாமல் செய்துவருகிற காரியம். தெருக்காரர்கள், சொந்தபந்தம், உசிலம்பட்டி மேலூர் வரைக்கும் தெரிந்தவர்கள் என்று போன் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: “பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு.” அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சத்தம் வருகிறது. முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ‘இரைச்சல்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊர் வேறு.

நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் முனகுவது மாதிரி வழுவழுப்பாக ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ், கரண்டின் சாயல் ஒயர் வழியாகவோ எர்த் வழியாகவோ நேராக உள்ளே புகுந்திருக்கிறது. அதைவிட மேலே, வண்டு சுற்றுவது போல் முரட்டுத்தனமாக ‘ஜ்ஜ்ஜ்’ என்று வந்தால் அது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்; ஏசி-யை டிசி ஆக்கும்போது இரண்டு அரைச்சுற்றும் ஒரே பக்கமாகத் திரும்புவதால் 50 இரட்டித்து 100 ஆகிறது, ஆகவே பவர் சப்ளை மேல் சந்தேகம் போக வேண்டும். சங்கீதம் பழகியவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. ஒரு கட்டை சுருதிக்குச் சேர்த்த தம்புராவில் முதல் தந்தி, அந்த மந்தர பஞ்சமம், 98 ஹெர்ட்ஸ். உங்கள் வீட்டுச் சத்தம் அதோடு கிட்டத்தட்ட ஒட்டினால் 100, ஒரு ஸ்தாயி கீழே கிடந்தால் 50. போனில் தம்புரா ஆப் போட்டு ஹெட்போனில் ஒப்பிட்டுப் பாருங்கள், போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தந்தி எடுபடாது. எர்த் கோளாறிலும் மடங்குகள் கலந்து வரும் என்பதால் இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மற்றபடி, மழை பெய்கிற மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் ஆம்ப்பின் உள்சத்தம். திருகும்போது ‘கரகர’ என்றால் தூசி. ‘கீஈஈ’ என்று மெலிசாக வந்தால் புளூடூத் போர்டோ சார்ஜரோ. ஒவ்வொன்றையும் கீழே பார்ப்போம்.

எங்கிருந்து நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தம் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு, அதாவது ஆம்ப்பின் பின்பகுதியில் அல்லது பவர் சப்ளையில். வால்யூமோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்குகிறதா? கோளாறு அதற்கு முன்னால்.

அடுத்து ஆம்ப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் செருகியிருக்கிற எல்லா ஆடியோ ஒயரையும் உருவுங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், டிவிடி, எல்லாம். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்து கேளுங்கள். அமைதியாகிவிட்டதென்றால் ஆம்ப் மேல் குற்றம் இல்லை. இனி ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். இரண்டு ஒயரைச் சேர்த்துச் செருகாதீர்கள், குழம்பிப்போகும். எது செருகும்போது சத்தம் வருகிறதோ அங்கே நின்றுகொள்ளுங்கள்.

இது பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒயர் மாற்றி, ஸ்பீக்கர் மாற்றி, கடைசியில் ஆம்ப்பையே விற்றவர்களை எனக்குத் தெரியும், மனசு கஷ்டப்படும்.

டிவியிலிருந்து ஒயர் செருகினால் மட்டும் ‘ம்ம்ம்’ வருகிறது. டிவி கெட்டுப்போச்சா?

டிவி நன்றாக இருக்கிறது. இது எர்த் சுற்று. மதுரையில் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

என் வீட்டிலேயே இரண்டு மாதம் இந்தச் சத்தம் இருந்தது. ஆம்ப் நானே கட்டியது, திறந்து திறந்து பார்த்தேன், கண்டன்சர் எல்லாம் மாற்றினேன். போகவில்லை. ஒரு நாள் ராத்திரி மழை வரும்போல் இருக்கிறதே என்று செட்டாப் பாக்ஸின் பின்னால் மொட்டைமாடியிலிருந்து வரும் டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றினேன். கடைசி மரை விலகியதுதான் தாமதம், அறையே சட்டென்று அமைதியானது. ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தேன், ஒன்றுமே இல்லை. திரும்ப மரையைத் தொட வைத்தேன், ‘ம்ம்ம்’.

நடந்தது இதுதான். டிஷ் நிற்கிற இரும்புக் குழாய் மொட்டைமாடியில் கான்கிரீட் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, அந்த வழியாக மண்ணோடு தொடர்பில் இருந்தது. கேபிளின் வெளிப்பின்னல் அதைச் செட்டாப் பாக்ஸுக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல் ஆம்ப்புக்கு வருகிறது. ஆம்ப்போ மூணு பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டு இடத்தில் மண்ணைத் தொடும் ஒரு வளையம் உருவாகிவிட்டது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அது அந்த வளையத்தில் மெல்லிய கரண்டை ஓட்டும், ஓடுகிற பாதையில் உங்கள் ஆடியோ ஒயரும் இருக்கிறது. பாட்டுச் சிக்னல் சுமார் 300 மில்லிவோல்ட் என்றால் அதில் 3 மில்லிவோல்ட் கரண்ட் சாயல் கலந்தாலே போதும், ராத்திரி நேரத்தில் தெளிவாகக் கேட்கும்.

தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துவரும் உள்ளூர் கேபிள் இணைப்பு என்றால் இன்னும் மோசம், அந்தப் பின்னல் பல வீட்டுக் கரண்டோடு தொடர்பில் வருகிறது. மரையைத் தொடும்போதே சிலருக்குச் சுருக்கென்று அடித்திருக்கும்.

தீர்வுகளை எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன். டிவியில் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 1983இல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு அது. ஒளி மட்டும்தான் போகிறது, செம்பு இல்லை, ஆகவே வளையம் அங்கேயே அறுந்துவிடும். ஆம்ப்பில் ஆப்டிகல் இல்லையென்றால் அதை ஆடியோவாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி டவுன் ஹால் ரோடு பக்கம் கேட்டால் கிடைக்கும். இரண்டாவது, டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் கொடுங்கள். ஹாலில் ஒன்று, ஜன்னல் பக்கம் வேறொன்று என்று இரண்டு இடத்தில் செருகியிருந்தாலும் வளையம் பெரிதாகும். மூன்றாவது, ஆடியோ ஒயரின் நடுவே போடுகிற சின்ன ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், சிக்னல் காந்தம் வழியாகத் தாண்டும், எர்த் தாண்டாது. ரொம்ப மலிவானதை வாங்கினால் பேஸ் கொஞ்சம் குறையும், தவில் சத்தத்தில் அது தெரிந்துவிடும். டிவிக்கு மட்டும் என்றால் பரவாயில்லை.

எர்த் பின்னை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

செய்யவே கூடாது. சத்தம் போகும், உண்மைதான். ஆனால் அந்தப் பின் இருப்பது பாட்டுக்காக இல்லை, உயிருக்காக. டிரான்ஸ்பார்மரில் சுருள் கசிந்து இரும்புப் பெட்டியில் லைன் கரண்ட் (ஃபேஸ்) வந்துவிட்டால், எர்த் இருந்தால் ஃப்யூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். எர்த் இல்லையென்றால் அடுத்து அதைத் தொடுகிறவர் வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்குப் போகும். வீட்டில் குழந்தைகள் வால்யூமைத் திருகத்தான் செய்வார்கள். மூணு பின்னை ரெண்டு பின் ஆக்கும் அடாப்டரும் இதே கதைதான். வளையத்தை ஆடியோ ஒயரில் அறுங்கள், கரண்ட் ஒயரில் ஒருநாளும் அறுக்காதீர்கள். முடிந்தால் மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள், அது ஆடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத செலவு, ஆனால் செய்ய வேண்டிய செலவு.

ஆம்ப் பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. சத்தத்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

பல நேரம் உண்டு. அத்தை வீட்டில், வடக்கு மாசி வீதிக்கு உள்ளே ஒரு பழைய வீடு, இதே பிரச்சினை. சுவரில் மூணு துளை இருந்தது, மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அந்தக் காலத்தில் இழுத்த இரண்டு ஒயர் வயரிங், பிளேட்டை மட்டும் பிறகு மாற்றியிருக்கிறார்கள்.

இப்போதைய டிவி, லேப்டாப் சார்ஜர், டிவிடி எல்லாம் எஸ்எம்பிஎஸ் வகை, அதாவது பெரிய இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதில் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி டிசி ஆக்கும் சப்ளை. அதற்குள்ளே இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கண்டன்சர் கரண்ட் பக்கத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி மீட்டரில் ஏறக்குறைய 115 வோல்ட், அதாவது கரண்டில் பாதி, என்று கூடக் காட்டும். கொடுக்கக்கூடிய கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுருசுருப்போடு நின்றுவிடும், ஆனால் அதே கரண்ட் ஆடியோ ஒயர் வழியாகப் போகும்போது ‘ம்ம்ம்’ ஆகிறது. சுருசுருப்பு என்று நினைப்பது உண்மையில் டிரான்ஸ்பார்மர் கசிவாகவும் இருக்கலாம், அதனால் எர்த் ஒழுங்காகும் வரை அந்த ஆம்ப்பைப் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் சரி. பத்து, இருபது என்று காட்டினால் எங்கேயோ லூஸ். எர்த் குழி இருக்கிற வீடுகளில் இன்னொன்று: இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் என்று போட்டிருப்பார்கள், போட்டதோடு மறந்துவிடுவார்கள். நம் பக்கம் பங்குனி, சித்திரையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரம் இல்லாத மண்ணில் எர்த் வேலை செய்யாது. வாரத்துக்கு ஒருக்கா அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

லோக்கலாக அசெம்பிள் செய்த 4440 ஆம்ப். ஒன்றும் செருகாமலே உறுமுகிறது. ஏன்?

நம் ஊரில் எத்தனை வீடு, எத்தனை டீக்கடை, எத்தனை ஷேர் ஆட்டோவில் இந்த ஐசி பாடியிருக்கிறது! சான்யோவின் எல்ஏ 4440. கார் செட்டுக்கு ஏற்ற ஐசி, 13.2 வோல்ட்டில் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், 19 வாட். நல்ல ஐசி. ஒழுங்காகக் கட்டினால் சத்தமே இருக்காது, அதனால் “4440ன்னா உறுமத்தான் செய்யும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உறுமலுக்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன்.

முதலாவது மெயின் கண்டன்சர். சின்னதாகப் போட்டிருப்பார்கள், அல்லது பழசாகி வறண்டிருக்கும். கணக்கு எளிது: 1 ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோஃபாரட் இருந்தால் சப்ளையில் சுமார் 2 வோல்ட் அலை, 2200 என்றால் நாலரை. 1000 என்றால் 10 வோல்ட், அது சப்ளையே இல்லை. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வகைக் கண்டன்சருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொது விதி. வெயில் 40ஐத் தொடுகிற ஊரில், காற்றோட்டம் இல்லாத ஷெல்ஃபுக்குள் ஆம்ப்பை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாற்றும்போது 85 டிகிரி என்று போட்டிருப்பதை விட்டு 105 டிகிரி கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் கொஞ்சம்தான். தலை உப்பியிருந்தால் பார்த்தாலே தெரியும், உப்பாமலும் வறண்டிருக்கும்.

இரண்டாவது டையோடு. 12-0-12 டிரான்ஸ்பார்மரில் (நடு ஒயருக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட்) இரண்டு டையோடு போட்டிருப்பார்கள். ஒன்று போய்விட்டால் ஆம்ப் பாடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அரைச்சுற்று மட்டும் வருவதால் ‘ஜ்ஜ்ஜ்’ இறங்கி 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ ஆகிவிடும், வால்யூம் வைத்தால் சத்தம் பிசிறும். 4007 போட்டிருந்தால் எடுத்துவிட்டு 5408 போடுங்கள். முன்னது 1 ஆம்பியர், பின்னது 3.

மூன்றாவதுதான் அதிகம், யாரும் பார்க்காததும் அதுதான்: எர்த் ஒயரை எங்கே பற்ற வைத்திருக்கிறார்கள் என்பது. போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த ஆம்ப்பைத் திறந்தேன். எல்லாமே புதுச் சாமான், கண்டன்சர் 4700, சால்டரிங்கும் பளபளவென்று இருந்தது. டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் முதலில் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பற்ற வைத்திருந்தது, அங்கிருந்து ஒரு கறுப்பு ஒயர் கண்டன்சரின் மைனஸுக்குப் போனது. கண்டன்சர் நிரம்புவது வினாடிக்கு 100 தடவை, சின்னச் சின்ன வெட்டுகளாக, பல ஆம்பியர் வேகத்தில். அந்த வெட்டு முழுக்க வால்யூம் கன்ட்ரோலின் எர்த் வழியாகப் போகிறது என்றால் ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கத்தானே செய்யும்? நடு ஒயரை எடுத்து நேராகக் கண்டன்சர் மைனஸில் வைத்தேன். அந்த ஒரே புள்ளியிலிருந்து போர்டுக்கு ஒன்று, ஸ்பீக்கர் மைனஸுக்கு ஒன்று, வால்யூமுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று தனித்தனி ஒயர். புதுச் சாமான் ஒன்றுகூடப் போடவில்லை. ஆன் செய்தபோது ஆம்ப் ஆன் ஆகவில்லை என்றே தம்பி நினைத்துவிட்டான், லைட்டைக் காட்டினேன்.

இதெல்லாம் செய்தும் லேசாக ‘ம்ம்’ மிச்சம் இருந்தால், டிரான்ஸ்பார்மரின் காந்தம் இன்புட் ஒயரில் படுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு போல்ட்டைத் தளர்த்தி, கால் வட்டம் திருப்பி வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் சத்தம் அடங்கும். ஆம்ப்பைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள், பெரிய ஆம்ப் என்றால் கண்டன்சரில் வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

புளூடூத் கிட் போட்ட பிறகு ‘கீஈஈ’ என்று ஒரு சத்தம், பாட்டு நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. கிட் டூப்ளிகேட்டா?

கிட் மேல் பழி போட வேண்டாம். பென்டிரைவ், எஃப்எம், புளூடூத் எல்லாம் சேர்ந்த அந்தப் போர்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அது கரண்டை விட்டுவிட்டு இழுக்கும். அதே 12 வோல்ட்டிலிருந்து 7805 என்ற ரெகுலேட்டர் ஐசி ஒன்றைப் போட்டு 5 வோல்ட் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். பவரின் எர்த்தும் ஆடியோவின் எர்த்தும் இரண்டு பாதையில் ஒரே ஆம்ப்பில் போய்ச் சேர்கின்றன, மேலே சொன்ன டிஷ் கேபிள் வளையம் மாதிரியே ஒரு குட்டி வளையம் பெட்டிக்குள்ளேயே. கிட்டுக்குத் தனியாக ஒரு பழைய செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் காரணம் உறுதி. நிரந்தரமாகச் செய்ய, டிரான்ஸ்பார்மரில் தனிச் சுற்று, அல்லது பி0505எஸ் என்று நாலு கால் உள்ள சின்ன ஐசொலேட்டட் மாட்யூல். 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டே கொடுக்கும், நடுவே எர்த் தொடர்பு இருக்காது. 1 வாட்தான் தாங்கும், பெரிய டிஸ்பிளே உள்ள கிட்டுக்குப் போதாது.

லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் மட்டும் இரைகிறது என்பதும் இதே வகைதான். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் ஆடியோ ஒயரில் ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினால் ஸ்பீக்கரில் ‘கர்ர்ர்’. ஃபேன் இல்லாமல் இந்த ஊரில் எப்படி இருப்பது?

ஃபேனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ரெகுலேட்டரைத்தான் மாற்ற வேண்டும். வழவழவென்று எங்கே வேண்டுமானாலும் நிற்கிற ரெகுலேட்டர் பெரும்பாலும் டிரையாக் வகை. வேகத்தைக் குறைக்க கரண்ட் அலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் வெட்டுகிறது, வினாடிக்கு 100 வெட்டு. நடு வேகத்தில் சத்தம் அதிகமாகவும், முழு வேகத்தில் குறைந்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ‘டக், டக்’ என்று படிப்படியாக நிற்கிற, கண்டன்சர் வைத்த ரெகுலேட்டர் வாங்கி மாட்டுங்கள், அது அலையை வெட்டாது. டிம்மர் லைட்டும் இதே குணம்தான். ரொம்ப மலிவான எல்இடி பல்புகளும் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி கிடைத்துவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப் உறுமுகிறது.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சதுர அலைக்குள் 50ஓடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் கலந்திருக்கும், டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்காமல் அதிரும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் தீர்வு. அதுவரை கரண்ட் போனால் ஆம்ப்பை நிறுத்திவிடுங்கள்.

ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, ஆம்ப் பெட்டியே அதிர்கிறது. அதுவும் ராத்திரி மட்டும்.

வோல்ட்டேஜைப் பாருங்கள். அலங்காநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டர் வைத்தேன், 255 காட்டியது. மோட்டார் எல்லாம் நின்றபிறகு லைனில் வோல்ட்டேஜ் ஏறிவிடுகிறது, டிரான்ஸ்பார்மரின் இரும்பு அதற்குமேல் காந்தத்தை ஏற்க முடியாமல் திணறும், அந்த அதிர்வுதான் கேட்கிறது. தகடுகளை இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். முதலில் போல்ட்டை இறுக்குங்கள், அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்டெபிலைசர்.

வால்யூமைத் திருகினால் கரகரவென்று வருகிறது.

உள்ளே கரித்தடத்தில் தூசி. எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, ஆம்ப் ஆஃபில் இருக்கும்போது, கன்ட்ரோலின் முதுகில் உள்ள சந்து வழியாக ஒரே ஒரு அழுத்து. பிறகு இருபது தடவை முழுசாக அங்கிட்டும் இங்கிட்டும் திருகுங்கள். காய விட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் விடாதீர்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசி அதிலேயே ஒட்டிச் சேறாகிவிடும்.

சுத்தம் செய்தும், புதுசு போட்டும் கரகரப்புப் போகவில்லை என்றால் அதற்கு முன்னால் இருக்கும் இணைப்புக் கண்டன்சர் கசிந்து டிசி வருகிறது. அதைத்தான் மாற்ற வேண்டும்.

திறக்கும்போது உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள். எறும்புப் புற்று, கரப்பான் முட்டை, பல்லி. மேலூரிலிருந்து வந்த ஒரு ஆம்ப்பில் பல்லி ஒன்று போர்டில் இரண்டு தடத்துக்குக் குறுக்கே காய்ந்து கிடந்தது, ஈரம் இருந்தபோது ஷார்ட் ஆகி ‘படபட’ என்றிருக்கிறது. காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டிவிடுங்கள், காற்றும் போகும்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம்.

இடது, வலது இன்புட் பின்னை மாற்றிச் செருகுங்கள். சத்தமும் பக்கம் மாறினால் கோளாறு ஒயரில் அல்லது அதற்கு முன்னால். மாறாமல் அதே பக்கம் இருந்தால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். அடுத்து ஆம்ப்பை நிறுத்தி ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள், அதே பெட்டியில் தொடர்ந்தால் ஸ்பீக்கர், நகர்ந்தால் ஆம்ப். பேஸ் வரும்போது மட்டும் ‘பர்ர்’ என்றால் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் கிழிந்திருக்கும், நம் வெயிலுக்கு அது பொடிப்பொடியாக உதிரும். ஆடியோ பின் ஒயரின் வெளிப்பின்னல் அறுந்திருந்தால் ‘ம்ம்ம்’ பலமாக வரும், நடுக்குச்சியை விரலால் தொட்டால் வருமே, அதே சத்தம்.

அப்பா வைத்திருந்த ரிக்கார்டு பிளேயரை எடுத்துப் போட்டேன், பாட்டைவிட ‘ம்ம்ம்’ பெரிதாக இருக்கிறது.

ரிக்கார்டு பிளேயருக்குப் பின்னால் ஆடியோ பின் இரண்டு தவிர மெல்லிசாக மூன்றாவது ஒயர் ஒன்று, நுனியில் கொக்கி மாதிரி, இருக்கிறதா பாருங்கள். அதை ஆம்ப்பின் பின்னால் உள்ள எர்த் திருகில் மாட்ட வேண்டும். பத்தில் எட்டு இடத்தில் அதோடு முடிந்துவிடும்.

ஊசி வெளியிடுவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்க வேண்டும். அதோடு, இசைத்தட்டில் பேஸைக் குறைத்துப் பதிந்திருப்பதால் ஆம்ப் அதை ஈடுகட்ட 50 ஹெர்ட்ஸை மட்டும் இன்னும் 7 மடங்கு தூக்கும். அதாவது பாட்டுக்கு 100, கரண்ட் சாயலுக்கு 700. எனவே பிளேயரை ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் பக்கம் வைக்காதீர்கள், ஒரு கை தூரமாவது தள்ளி வையுங்கள். அப்பா கேட்ட பாட்டுத் தட்டுகள் என்றால் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளத் தகும்.

‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்தைச் சுத்தமாக இல்லாமல் ஆக்க முடியுமா?

முடியாது. ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான் வெப்பத்தால் அலைவதே ஒரு சத்தம், 1920களில் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்குச் சொன்னார். ட்வீட்டரில் காதை ஒட்டினால் கேட்டு, உட்காரும் இடத்தில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உட்காரும் இடத்திலும் கேட்டால் போன் வால்யூமை நன்றாக ஏற்றி, ஆம்ப் வால்யூமைக் குறையுங்கள். நிறையப் பேர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

திடீர் திடீரென்று ‘டிக்கடி டிக்கடி’ என்றும், சில நேரம் ‘டப்’ என்றும் வருகிறது.

முதலாவது 2ஜியில் பேசும் பட்டன் போன், வினாடிக்கு 217 தடவை சிக்னலை விட்டுவிட்டு அனுப்பும். ஆம்ப் மேலிருந்து எடுத்துத் தள்ளி வையுங்கள். இரண்டாவது பிரிட்ஜோ தண்ணி மோட்டாரோ ஆன் ஆவது, ஆம்ப்பை வேறு லைனுக்கு மாற்றினால் குறையும். செல்லூர் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் இது நாள் முழுக்க இருக்கும், அங்கே ஆம்ப்புக்கு மெயின் போர்டிலிருந்தே தனி ஒயர் இழுக்கச் சொல்வேன்.

ஆயிரக்கணக்கில் விலை போட்ட பவர் ஒயர் வாங்கினால் எல்லாம் போய்விடுமாமே?

போகாது. அந்தக் காசுக்கு நல்ல கண்டன்சரும் எர்த் குழியும் வரும்.

இதெல்லாம் எனக்கு முடியாது, மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோவேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

“சத்தம் வருது” என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், கடையில் போட்டுப் பார்த்தால் பல நேரம் சத்தம் வராது, ஏனென்றால் உங்கள் வீட்டு டிஷ் கேபிள் அங்கே இல்லை. நாலு விஷயம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆம்ப் மேல் ஒட்டுங்கள்: வால்யூம் குறைத்தால் சத்தம் குறைகிறதா, எல்லா ஒயரையும் உருவினால் நிற்கிறதா, இரண்டு பக்கமுமா ஒரு பக்கமா, ஆன் செய்த உடனேவா சூடான பிறகா. சூடான பிறகு என்றால் டிரை சால்டராக, அதாவது சரியாகப் பற்றாத சால்டராக, இருக்கும், அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் செய்து கொண்டுபோங்கள், ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு.